உதடு பொருந்தாத சொல்

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், ஒலிப்பதிவுக்காரி.
அந்தப் பக்கம் யோலானும் டேனேஷும்.
ஆளுக்கொரு மைக், நடுவில் ஒரு தண்ணீர்க் குவளை.
கல்யாணமாகி முப்பத்து நான்கு வருஷம்.
புடாபெஸ்டில் பாதி வீடுகளில்
வெளிநாட்டுக்காரர்கள் இவர்கள் குரலில்தான் காதலிக்கிறார்கள்.

இன்றைக்கு ஒரு நகைச்சுவைப் படம்.
அலுத்துப்போன புருஷன் பெண்டாட்டி
இரட்டைக் கட்டிலை விற்றுவிட்டு
இரண்டு ஒற்றைக் கட்டில் வாங்குகிறார்கள்.
பழையது வெளியே போகமாட்டேன் என்கிறது.
நான்கு பேர் தூக்கியும் வாசலில் சிக்கிக்கொள்ள
அதன் மேல் ஏறி இறங்கித்தான்
முக்கால் படமும் வேலைக்குப் போகிறார்கள்.

என் காதில் ஹெட்போன் இருப்பதை
எல்லோரும் மறந்துவிடுவார்கள்.
காலையிலிருந்து டேக்குகளுக்கு நடுவே
இருவரும் பேசியது மொத்தம் இவ்வளவு:
"மாத்திரை போட்டாயா?"
"ம்."
"பார்க்கிங் சீட்டு?"
"கார்க் கண்ணாடியில் வைத்துவிட்டேன்."

சிவப்பு விளக்கு எரிந்தால்
யோலான் கத்துகிறாள்:
"இருபது வருஷமாக நீ என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை!"
டேனேஷ் கழுத்து நரம்பு புடைக்கத் திருப்பிக் கத்துகிறான்.
விளக்கு அணைகிறது.
அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறாள்.
அவன் எலுமிச்சை மிட்டாய் உரிக்கிறான்,
ஒன்றே ஒன்று.

மேலே தெருவில் டிராம் போகும்போது
சுவர் உறுமும்.
எல்லோரும் வாயை மூடிக் காத்திருப்போம்.

மதியத்துக்குப் பிறகு அந்தக் காட்சி.
சிக்கிய கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து
படத்துப் பெண் அந்த மூன்று சொல்லைச் சொல்கிறாள்.
கடைசியில் உதடு குவிந்து நிற்கிறது,
திரை நிறைய உதடு.
எங்கள் மொழியில் அது ஒரே சொல்.
முடியும்போது வாய் அகன்று பல் தெரிந்துவிடும்.
கின்கா, எங்கள் டைரக்டர், தலையில் கைவைத்தாள்.
"குவியணும். ஒரு 'ஓ' வேணும். ஏதாவது ஒரு 'ஓ'."

ஏரி எங்களுக்கு 'தோ'.
குதிரை 'லோ'. பனி 'ஹோ'.
எதைச் சொல்லி ஒருவனைக் கட்டிப்பிடிப்பது?

ஏழாவது டேக்.
யோலான் திரையைப் பார்க்கவில்லை.
பக்கவாட்டில் திரும்பி
"ஷோ" என்றாள்.

உப்பு.

கேட்கும் முன்பே சாப்பாட்டு மேஜையில் அவன் பக்கம்
நகர்ந்து வந்த உப்பா,
டாக்டர் சொன்னதிலிருந்து
அவள் ஒளித்துவைக்கும் உப்பா,
எனக்குத் தெரியாது.
டேனேஷ் சிரித்தான்,
வசனத்தாளில் இல்லாத சிரிப்பு,
பாதி குறட்டை.
குவளை கவிழ்ந்து நாற்பதாம் பக்கம் நனைந்தது.

அடுத்தது முத்தம்.
எங்கள் தொழிலில் அவரவர் புறங்கையை
அவரவர் முத்தமிடுவதுதான் வழக்கம்.
வரிக்கு இவ்வளவு என்று கூலி,
முத்தம் வரிக்கணக்கில் சேராது.
டேனேஷின் கைக்கடிகாரம் மைக்கில் இடித்தது.
கழற்றப் பார்த்தான், கொக்கி வரவில்லை.
"இந்தா" என்று யோலான் தன் கையை நீட்டினாள்,
மின்சார பில்லை நீட்டுவதுபோல.

"சத்தம் வேறமாதிரி இருக்கு," என்றாள் கின்கா,
"ரொம்ப உலர்ந்து. இன்னொண்ணு."
அப்போது பார்த்து டிராம்.
வழக்கம்போல காத்திருந்தோம்.
கை அங்கேயே இருந்தது, அவன் கைக்குள்,
சுவர் உறுமி அடங்கும்வரை.
ஹெட்போனில் இரண்டு மூச்சு கேட்டது.
எது யாருடையது என்று முதல்முறையாகக் குழம்பினேன்.

படத்தில் கடைசியாகப் போனது 'யோ', அதாவது நல்லது.
உதடு பொருந்தியது, கின்காவுக்கு நிம்மதி.
உப்பு என் கணினியில் கிடக்கிறது.
அழிக்கச் சொன்னார்கள்.

சாயங்காலம் சிகரெட்டுக்காக மேலே ஏறி வந்தேன்.
எதிர்ச்சாரியில் அவர்கள் கார்,
வைப்பரில் மஞ்சள் அபராதச் சீட்டு.
காலையில் வைத்த சீட்டு கவிழ்ந்து கிடந்திருக்கும்.
இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள்.
நடுவில் டிராம் வந்து நின்றது.
சத்தம் எதுவும் வரவில்லை,
ஜன்னல்கள் வழியே வாய்கள் மட்டும்.
அவன் கையை வீசுகிறான். அவள் சீட்டைக் கிழிக்கிறாள்.
தொழில் புத்தி, உதட்டைத்தான் பார்த்தேன்.

ஓரிடத்தில் அவளுடையது குவிந்தது.